அணிவகுப்புக்கு முன்னால்

போர்ப் படங்கள்மீது எனக்கு மதிப்புக் கிடையாது. வெற்றி முதலிலேயே தீர்மானமாகிவிட்ட கதைகள். சாமுவேல் ஃபுல்லரின் ‘மெரில்ஸ் மராடர்ஸ்’ (1962) படத்தையும் அப்படித்தான் ஒதுக்கினேன். கடைசியில் வரும் ராணுவ அணிவகுப்பே காரணமாகப் போதுமானதாக இருந்தது. சமீபத்தில் நண்பர் வற்புறுத்தி மறுபடி பார்த்தபோது, வாலைப் பார்த்து மாட்டை ஒதுக்கியிருக்கிறேன் என்று தெரிந்தது.

1944இல் வடபர்மாக் காடுகளில் மெரிலின் கீழ் நடந்தவர்கள் சுமார் 3,000 அமெரிக்கர்கள். குண்டுகளைவிட நோய்தான் அதிகம் பேரைச் சாய்த்தது. மியிட்சினாவில் கடைசியாகச் சண்டைக்குத் தேறியவர்கள் ஏறத்தாழ 200 பேர். வங்கியில் தினமும் கணக்கை நேர் செய்கிறவனுக்கு இந்தக் கழித்தல் உறுத்துகிறது.

ஃபுல்லர் அதே யுத்தத்தில் ஐரோப்பாவில் காலாட்படைச் சிப்பாயாக இருந்தவர். வீரத்தைவிட அசதியை நம்புகிறார். படத்தின் ஆதார நிகழ்ச்சி நடைதான். ஷாடுசுப்பில் கான்கிரீட் கட்டைகளின் சந்துகளில் நடக்கும் சண்டையில் யார் யாரைச் சுடுகிறார்கள் என்பதே புலப்படுவதில்லை. முடிந்தபின் வெற்றி என்ற உணர்வும் வருவதில்லை.

பிறகு அந்தச் சோற்றுக் காட்சி. கிராமத்துக் கிழவி ஒருத்தி, துவண்டு கிடக்கும் முரட்டு சார்ஜென்ட்டுக்குச் சோறு கொடுக்கிறாள். அவன் அழுதுவிடுகிறான். பசியாலா, கொடுத்த கையாலா? ஃபுல்லர் சொல்வதில்லை. நம் சினிமாவில் இந்த இடத்தில் தாய்ப்பாசம் பற்றி ஒரு வசனம் நிச்சயம்.

இந்தப் பரிவு எதிர்ப்பக்கம் எட்டாதது படத்தின் ஊனம். ஜப்பானியர் வெறும் இலக்குகள். லெய்ட்டே தீவில் பட்டினியில் அலையும் ஜப்பானியச் சிப்பாயை இச்சிகாவா 1959இலேயே காட்டிவிட்டார். ஃபுல்லருக்குச் சாக்கு இல்லை.

ஆனால் அந்த அணிவகுப்பு ஃபுல்லருடையது அல்ல. வார்னர் நிறுவனம் ஒட்டவைத்தது. அதற்கு முன்னால், மாரடைப்பில் மெரில் விழுகிறான். எழவே முடியாதவர்கள் எழுந்து, மறுபடி நடக்கிறார்கள். இதைப் புகழாகவும் கொள்ளலாம், குற்றச்சாட்டாகவும் கொள்ளலாம். அணிவகுப்பு இரண்டாவதை அழிக்கப் பார்க்கிறது.

சமரசம் கண்ணில் பட்டதும் படைப்பையே தூக்கி எறிவது நம் வட்டத்தில் ஒரு நேர்மையாகவே கருதப்படுகிறது. எனக்கு அது சௌகரியமாகத்தான் இருந்திருக்கிறது. படைப்பாளியின் கை எங்கே முடிகிறது, முதலாளியின் கை எங்கே தொடங்குகிறது என்று பார்ப்பது விமர்சகனின் குறைந்தபட்ச வேலை. அதைச் செய்யாமலேயே ஒரு தீர்ப்பைப் பல வருஷங்கள் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.