மாணவன் கண்டதும் பல்கலைக் கழகம் கொண்டதும்

1943-ஆம் ஆண்டு. அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்தில் உள்ள ரட்கர்ஸ் பல்கலைக் கழகத்தின் நிலவறைச் சோதனைக்கூடம் ஒன்றில், ஆல்பர்ட் சாட்ஸ் என்ற 23 வயது இளைஞர் இரவு பகலாக உழைத்துக் கொண்டிருந்தார். பட்டாளத்தில் சேர்ந்து, முதுகு வலியால் திருப்பி அனுப்பப்பட்டவர். முனைவர் பட்டத்திற்காகப் படித்த அவருக்கு மாதம் 40 டாலர் உதவித் தொகை. காசநோய்க் கிருமியைக் கையாண்டதால் அவருடைய சோதனைக்கூடம் மற்றவர்களிடமிருந்து ஒதுங்கி நிலவறையில் இருந்தது. அவ்வாண்டு அக்டோபர் 19 அன்று, எருவிட்ட மண்ணிலிருந்தும் ஒரு கோழியின் தொண்டையிலிருந்தும் பிரித்தெடுத்த நுண்ணுயிரிகள் ஒரு புதிய பொருளைச் சுரக்கின்றன என்று அவர் உறுதி செய்தார். அதுதான் ஸ்ட்ரெப்டோமைசின். பெனிசிலினுக்கு மசியாத காசநோய்க் கிருமியை அது அடக்கியது.

மருந்தின் கதையை வாசகர்கள் பலர் பாடப் புத்தகத்தில் படித்திருக்கலாம். உடைமையின் கதையைப் பாடப் புத்தகங்கள் சொல்வதில்லை. பல்கலைக் கழகங்கள் மாணவருக்கு வகுத்துள்ள விதிகள் எங்கே ஓட்டையாக இருக்கின்றன என்பதை அதைவிடத் தெளிவாகக் காட்டும் கதை வேறில்லை.

1944 ஜனவரியில் வெளியான முதல் ஆய்வுக் கட்டுரையில் சாட்ஸின் பெயர் முதலில் இருந்தது. அடுத்து எலிசபெத் பூகி. கடைசியாகப் பேராசிரியர் செல்மன் வாக்ஸ்மன். காப்புரிமை விண்ணப்பத்தில் வாக்ஸ்மன், சாட்ஸ் ஆகிய இருவர் பெயர் மட்டுமே இருந்தது. கட்டுரையில் இருந்த பூகி இங்கே காணாமற் போனார். இருவரும் தலைக்கு ஒரு டாலர் என்ற பெயரளவு விலைக்குத் தம் உரிமையை ரட்கர்ஸ் ஆராய்ச்சி அறக்கட்டளைக்கு எழுதிக் கொடுத்தனர். தனிப்பட்ட முறையில் எவரும் இலாபம் அடையப் போவதில்லை என்றே சாட்ஸ் நம்பினார். ஆனால் அறக்கட்டளையோடு வாக்ஸ்மன் தனியே செய்துகொண்ட ஒப்பந்தத்தின்படி ராயல்டியில் 20 விழுக்காடு அவருக்குச் சென்று கொண்டிருந்தது. மாணவருக்கு அது தெரியாது. தெரிந்ததும் 1950-இல் வழக்குத் தொடுத்தார்.

ஆசிரியர் மீது மாணவர் வழக்கா என்று அறிவியல் உலகம் முகம் சுளித்தது. அவ்வாண்டு இறுதியில் வழக்கு சமரசத்தில் முடிந்தது. சாட்ஸ் உடன் கண்டுபிடிப்பாளர் என்று ஒப்புக் கொள்ளப்பட்டார். ராயல்டியில் 3 விழுக்காடு அவருக்கு. வாக்ஸ்மனின் பங்கு 10 ஆகக் குறைந்தது. 7 விழுக்காடு சோதனைக்கூடத்தில் உழைத்த மற்றவர்களுக்கு. அதில் பூகிக்குக் கிடைத்தது 0.2 விழுக்காடு. 1952-இல் நோபல் பரிசு வாக்ஸ்மனுக்கு மட்டும் சென்றது. சாட்ஸுக்குப் பெரிய ஆய்வகங்களின் கதவுகள் திறக்கவில்லை.

பேராசிரியரை வில்லனாக்கிவிடுவது எளிது, அது நேர்மையாகாது. மண்ணிலுள்ள நுண்ணுயிரிகளை வரிசையாகச் சோதித்து மருந்து தேடும் முறையை வளர்த்தவர் வாக்ஸ்மன்தான். மெர்க் நிறுவனத்திடம் இருந்த தனியுரிமையை விட்டுக்கொடுக்கச் செய்து, பல நிறுவனங்கள் மருந்தைத் தயாரிக்க வழி வகுத்தவரும் அவரே. ராயல்டிப் பணத்தில் ரட்கர்ஸில் ஒரு நுண்ணுயிரியல் நிலையமே எழுந்தது. ஆகவே சோதனைக்கூடம், முறை, கருவி, வழிகாட்டுதல் எல்லாம் தந்த எங்களுக்கும் பங்கு உண்டு என்று பல்கலைக் கழகம் கேட்பதில் நியாயம் இருக்கிறது. பங்கு கேட்டதில் தவறில்லை. ஒரு தரப்புக்குத் தெரிந்த கணக்கு மறு தரப்புக்கு மறைக்கப்பட்டதே தவறு.

இன்றைய விதிகள் இதைத் திருத்திவிட்டனவா? பாதி திருத்தியுள்ளன. அரசுப் பணத்தில் பிறந்த கண்டுபிடிப்புகளைப் பல்கலைக் கழகங்களே வைத்துக்கொள்ள 1980-இல் அமெரிக்காவில் இயற்றப்பட்ட பே-டோல் சட்டம் இடம் கொடுத்தது. கண்டுபிடித்தவருடன் ராயல்டியைப் பகிர வேண்டும் என்றும் கட்டளையிட்டது. கண்டுபிடிப்பின் உரிமை முதலில் கண்டுபிடித்தவருக்கே உரியது, எழுதிக் கொடுத்தால்தான் கைமாறும் என்று 2011-இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றமும் தெளிவாக்கியது. ஆனால் எழுதிக் கொடுக்கும் அந்தக் கையெழுத்து எப்போது வாங்கப்படுகிறது? பெரும்பாலும் ஆராய்ச்சியில் சேரும் நாளில், விடுதிப் படிவம், கட்டண இரசீது இவற்றின் நடுவே! அன்று எந்த மாணவர் அதைப் படித்துப் பார்த்து மறுக்கப் போகிறார்?

விதிகளில் அடிக்கடி வரும் சொல் ஒன்று உண்டு: பல்கலைக் கழக வசதிகளைக் 'கணிசமாக'ப் பயன்படுத்தினால் உரிமை பல்கலைக் கழகத்திற்கு. எவ்வளவு கணிசம்? நூலகத்தில் புத்தகம் எடுப்பது கணிசமாகாது என்பர். பேராசிரியரின் கருவியில் மூன்று மாதம் வேலை செய்வது கணிசம்தான். இடைப்பட்ட பரப்பெல்லாம் இருட்டு. மிசௌரி பல்கலைக் கழகத்தில் மாணவர்கள் போட்டி ஒன்றிற்காகக் கைப்பேசிச் செயலி ஒன்றை உருவாக்கியபோது, பல்கலைக் கழகம் முதலில் 25 விழுக்காடு உடைமையும் இலாபத்தில் மூன்றில் இரண்டு பங்கும் கேட்டது. பிறகு பின்வாங்கி, போட்டிகளிலும் மன்றங்களிலும் மாணவர் தாமாகச் செய்தவை மாணவருக்கே என்று விதி எழுதியது. தகராறு வந்த பிறகுதான் எல்லைக்கல் நடப்பட்டது.

நடத்தை விதிகளின் பக்கம் திரும்பினால் வேடிக்கையான ஓர் ஏற்றத்தாழ்வு தெரியும். பிறர் எழுத்தையோ எண்ணத்தையோ தன்னுடையதாகக் காட்டும் மாணவருக்கு எச்சரிக்கை முதல் வெளியேற்றம் வரை தண்டனை விரிவாக எழுதப்பட்டிருக்கிறது. மாணவரின் எண்ணத்தை ஆசிரியர் எடுத்துக்கொண்டால் என்ன செய்வது என்பதற்கு அதே விரிவு பல இடங்களில் இல்லை. முறையிடலாம் என்று ஒரு வரி இருக்கும். முறையீட்டைக் கேட்பவர் துறைத் தலைவர். பட்டத்திற்குக் கையொப்பமிடுபவரும் அவரோ அவருடைய நண்பரோதான். சிக்காகோ பல்கலைக் கழகத்தில் ஆராய்ச்சி செய்த பெண் ஒருவர், தம் கண்டுபிடிப்புக்குத் துறைத் தலைவர் தம் பெயரில் மட்டும் காப்புரிமை பெற்றார் என்று குற்றம் சாட்டினார். கீழ் நீதிமன்றம் அவர் வழக்கைத் தள்ளியது. உரிமையைப் பல்கலைக் கழகத்திற்கு எழுதித்தர வேண்டியவரானாலும், ராயல்டியில் பங்குண்டு என்பதால் கண்டுபிடிப்பாளராகப் பெயர் பெற வழக்காடலாம் என்று 2001-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் கூறியது. நம்பி ஒப்படைத்த மாணவரிடம் ஆசிரியருக்குக் கடமை உண்டு என்ற வாதத்துக்கும் அது இடம் கொடுத்தது. இவ்வளவையும் பல்கலைக் கழக விதியே சொல்லியிருக்கலாமே! ஒரு மாணவி நீதிமன்றப் படிகளில் ஏறியா பெற வேண்டும்?

இன்னொன்று. ஆய்வுக் குறிப்பேடு பல்கலைக் கழகத்தின் சொத்து என்று பெரும்பாலான விதிகள் சொல்கின்றன. இருக்கட்டும். ஆனால் நாள் குறித்த நகல் ஒன்று மாணவரிடம் இருப்பதை எந்த விதியும் தடுக்கக் கூடாது. யார், எதை, எந்த நாளில் கண்டார் என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி கிடையாது. ஆராய்ச்சியில் இறங்கும் மாணவர்கள் முதல் நாளே கேட்க வேண்டியது உதவித் தொகை எவ்வளவு என்பதை மட்டுமன்று. குறிப்பேட்டின் நகல் எனக்கு உண்டா, ராயல்டி பங்கீட்டு ஒப்பந்தங்களை நான் பார்க்க முடியுமா, தகராறு வந்தால் துறைக்கு வெளியே கேட்பவர் யார் என்பதையும்தான்.

ரட்கர்ஸ் 1994-இல் சாட்ஸுக்குத் தன் பதக்கத்தை வழங்கியது. வாக்ஸ்மன் மறைந்து அப்போது 20 ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருந்தன. சாட்ஸுக்கு வயது 74.