இரட்சணிய யாத்திரிகத்தில் அழுகையும் பெருமிதமும்

தன்னொப்பார் இல்லாத தலைவனைப் பெற்றிருத்தல் பெருங்காப்பிய இலக்கணங்களுள் ஒன்றெனத் தண்டியலங்காரம் கூறும். அத்தலைவன் பகைவென்று முடிசூடும் சிறப்பையே நம் காப்பியங்கள் பலவும் பாடின. எச். ஏ. கிருஷ்ணபிள்ளை 1894-இல் வெளியிட்ட இரட்சணிய யாத்திரிகமோ, பாவச்சுமை தாங்கி முத்திநகர் நோக்கி நடக்கும் வழிப்போக்கன் ஒருவனைத் தலைவனாக உடையது. இடையில் அவன் பொரும் போர் ஒன்று உண்டெனினும், நூலின் உயிர்நிலை அப்போரன்று. அவனும் அவன் தோழரும் பொறுக்கும் துன்பமேயாம். துன்பம் பொறுத்தல் காப்பியப் பொருளாமோ என்னும் ஐயம் ஈண்டு எழும். அத்துன்பம் அழுகையின்பாற்படுமோ, பெருமிதத்தின்பாற்படுமோ என ஆராய்தல் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இளிவு, இழவு, அசைவு, வறுமை என்னும் நான்கும் அழுகைக்கு நிலைக்களன்கள் என்றும், கல்வி, தறுகண், புகழ், கொடை என்னும் நான்கும் பெருமிதத்துக்கு நிலைக்களன்கள் என்றும் தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் வகுக்கும். இவற்றுள் தறுகண் என்பது அஞ்சத்தக்கன கண்டவிடத்தும் அஞ்சாமை. அது போர்க்களத்துக்கே உரியதன்று. வாகைத்திணையுள் அரசர் வெற்றியோடு அறிவரும் தாபதரும் பெறும் வெற்றியையும் அடக்கிய மரபு நம்முடையது. ஆகவே, வாளேந்தாதார் வெற்றியைக் காண்டற்குரிய அளவுகோல் நம் இலக்கணத்திலேயே உளது.

இந்நூலுக்கு முதனூல், ஆங்கிலப் புலவர் ஜான் பனியன் எழுதி, முதற்பகுதி 1678-இல் வெளிவந்த உருவகக் கதையாகும். உரிமமின்றிச் சமயவுரை ஆற்றினார் என்பதற்காக 1660-இல் சிறைப்பட்ட பனியன், பன்னிரண்டு ஆண்டுகள் பெட்போர்டுச் சிறையில் இருந்தார். இனி அவ்வாறு உரை நிகழ்த்தேன் என ஒரு சொல் தந்திருப்பின் விடுதலை பெற்றிருக்கலாம். அச்சொல்லை அவர் தந்திலர். மனைவியையும், கண்பார்வையற்ற மகள் உள்ளிட்ட மக்களையும் காக்கச் சிறையிலிருந்தே நாடா முடைந்து விற்றார். அவர் படைத்த மாந்தர் துன்பத்துள் பேசும் பேச்சு ஏட்டறிவால் மட்டும் வந்ததன்று என்பதற்கு இதுவே சான்று.

மாயச் சந்தையில் நிகழும் வழக்கு முதனூலின் உச்சங்களுள் ஒன்று. சந்தைப் பொருளை வாங்காமையே வழிப்போக்கர் செய்த குற்றம். உண்மையுள்ளோன் என்னும் பெயரிய தோழன் நடுவர்முன் நிறுத்தப்படுகின்றான். பொறாமை முதலானோர் சான்று கூறுகின்றனர். அடியும் குத்தும் கல்லெறியும் பட்டபின் அவன் எரிக்கப்படுகின்றான். அவனை மீட்க எந்த அற்புதமும் நிகழவில்லை. அவன் உயிர் நீத்த பின்னரே விண்தேர் அவனை ஏற்றிச் செல்கின்றது. அச்சாவைக் கண்ட சந்தையூரான் ஒருவன் மனம் மாறித் தலைவனோடு உடன்புறப்படுகின்றான். அவன் பெயர் நம்பிக்கையுள்ளோன். நம்பிக்கை இந்நூலில் தனியே பிறப்பதன்று. பிறன் ஒருவன் இறுதிவரை நிலைநின்ற உறுதியிலிருந்து பிறப்பது. பனியன் கதைப்பின்னலின் நுட்பம் இதுவேயாம்.

கிருஷ்ணபிள்ளை இக்கதையை ஐந்து பருவங்களில் விரித்தார். அவர் செய்த மாற்றங்களுள் தலையாயது, குமார பருவத்தில் இரட்சணிய சரிதப் படலம் அமைத்து இயேசுபெருமானின் பாடுகளைப் பாடியதாகும். முதனூலில் சிலுவை வழியிடைக் காட்சியாகச் சுருங்கி நிற்க, தமிழ்நூலில் அதுவே விரிந்த வரலாறாகின்றது. கயிற்றாற் பிணிக்கப்பட்ட பெருமான், மாந்தர்பால் வைத்த அன்பென்னும் பிணிப்பு நீங்கமாட்டாமையால் அடங்கி நிற்கின்றார். பழிப்பார்முன் வாய் திறவாதிருக்கின்றார். கண்ட மக்களோ, நிலம் பிளவாததும் வானம் இடிந்து வீழாததும் கடல் வற்றாததும் என்னையெனப் புலம்புகின்றனர். காண்பார்மாட்டு நிகழ்வது அழுகை. துன்புறுவார்மாட்டு நிற்பது பெருமிதம். ஒரே நிகழ்ச்சி இருவேறு மெய்ப்பாட்டுக்கு நிலைக்களனாதலைப் புலவர் இங்ஙனம் காட்டுகின்றார். மேலும், உலகம் நிலைகுலையவில்லையே என்னும் புலம்பல், துன்பம் வல்லமையால் தடுக்கப்படவேண்டும் என்னும் மாந்தர் எதிர்பார்ப்பே. அது நிறைவேறாதொழிகின்றது. மீட்பு அந்நிறைவேறாமையின் ஊடே வருகின்றது என்பதே இப்படலத்தின் உட்பொருள்.

தமிழ்ப் பயில்வார்க்கு இப்பொருள் முற்றிலும் புதிதன்று. பெரியபுராணத்தில் நாவுக்கரசர் நீற்றறை, நஞ்சு, யானை, கடல் ஆகிய நான்கினின்றும் ஊறின்றி மீள்கின்றார். மெய்ப்பொருள் நாயனாரோ அங்ஙனம் மீண்டிலர். அடியார் வேடம் பூண்டு தம்மைக் குத்தியவனை ஊறின்றிக் கொண்டுய்க்கத் தத்தனை ஏவி, அது முடிந்தமை கேட்டபின்னரே உயிர் விடுகின்றார். சமயம் வேறாயினும், உண்மையுள்ளோன் சாவோடு ஒப்புநோக்கத்தக்கது பின்னையதே. இரண்டிலும் மெய்ப்படுவது, உடல் காக்கப்படுதல் அன்று. கொண்ட நெறி காக்கப்படுதல்.

எனினும் குறையொன்று கூறல் வேண்டும். பண்புப்பெயரே மாந்தர் பெயராதலின், உண்மையுள்ளோன் உள்ளத்தில் போராட்டம் நிகழ இடமில்லை. நடுங்காதவன் நடுங்கவில்லை என்பதில் வியப்பும் குறைவு. இக்குறையை ஐயக்கோட்டைப் பகுதி நிறைவு செய்கின்றது. கரட்டுவழி விடுத்து மென்புல்வழி புகுந்த பிழையால், தலைவனும் நம்பிக்கையுள்ளோனும் அவநம்பிக்கை அரக்கன் சிறையில் புதன் காலை முதல் சனி இரவுவரை உணவும் நீரும் இன்றிக் கிடக்கின்றனர். கத்தி, கயிறு, நஞ்சு என்பவற்றுள் ஒன்றால் உயிர் விடுமாறு அரக்கன் தூண்டுகின்றான். தலைவன் அதற்கு இசையவும் நினைக்கின்றான். தடுப்பவன் தோழன். பின்னர், நள்ளிரவு தொடங்கி வேண்டுதலில் இருந்த தலைவன், வாக்குறுதி என்னும் திறவுகோல் தன் மார்பிலேயே இருத்தலை விடியுமுன் நினைவு கூர்கின்றான். கதவு திறந்தது புதிய உதவியால் அன்று, மறந்திருந்ததை நினைந்தமையால்.

துன்பம் நீங்கும் என எதிர்பார்த்தலே நம்பிக்கை எனின், மாயச் சந்தையில் அது பொய்த்தது. கொண்ட நெறியை விடாமையும், விட்டவிடத்து மீள நினைத்தலும், தளர்ந்தானைத் தோழன் தாங்குதலும் சேர்ந்த ஒன்றே நம்பிக்கை எனின், நூல் முழுதும் அது மெய்யாகின்றது. இறுதியில் மரண ஆற்றுள் அமிழும் தலைவனின் தலையை நீர்மேல் தாங்குபவனும் அத்தோழனே. ஆகவே, இந்நூல் காட்டும் துன்பம் அழுகையில் தொடங்கினும் பெருமிதத்தில் முடிவது என்பதும், பொறுத்தலும் காப்பியப் பொருளாதற்குத் தகும் என்பதும் பெறப்படும்.