டாமை எதில் மாட்டுவது?

12 அங்குல டாம் ஒன்றை ஹூப்பில் இரண்டே விரலால் தூக்கிப் பிடித்து நடுவில் ஒரு தட்டு தட்டுங்கள். ஒலி தாராளமாக நின்று, மெல்லத் தேயும். அதே டாமை பேஸ் ட்ரம் மேலுள்ள பிராக்கெட்டில் மாட்டி, விங் நட்டை முறுக்கிவிட்டு, அதே இடத்தில் தட்டுங்கள். ஒலியின் வால் குறுகியிருக்கும். எந்த அளவுக்கு என்பது ட்ரம்முக்கு ட்ரம் மாறும். மவுன்ட் வாங்கக் கடைக்குப் போவதற்கு முன்னால் இந்தச் சோதனையைச் செய்துவிடுவது நல்லது. காசு செலவில்லை.

அடிக்கும்போது ஹெட் மட்டுமல்ல, ஷெல்லும் சேர்ந்தே அதிர்கிறது. ஷெல்லில் துளை போட்டுக் கனமான இரும்பைத் திருகினால், அந்த அதிர்வில் ஒரு பங்கு பேஸ் ட்ரம்முக்குள் இறங்கிவிடும். இதற்கு மருந்தாக 1980-களில் பரவியதுதான் ரிம்ஸ். டென்ஷன் ராடுகளில் ரப்பர் வளையங்கள் வழியாகத் தொங்கும் எஃகுப் பட்டை அது. ஷெல்லை எதுவும் தொடுவதில்லை. யமஹாவின் யெஸ், தமாவின் ஸ்டார்-காஸ்ட், பேர்ல் நிறுவனத்தின் ஆப்டிமவுன்ட் எல்லாம் இதே கவலைக்கு அவரவர் பாணியில் சொன்ன பதில்கள்.

ரிம்ஸ், பேஸ் ட்ரம் மவுன்ட், சிம்பல் ஸ்டாண்ட், ஸ்னேர் ஸ்டாண்ட் என நான்கு வழிகளிலும் ஒரே டாமை மாட்டி வாசித்துப் பார்த்தேன். ரிம்ஸில் அடித்தொனி திறந்துகொள்வது உண்மை. ஆனால் டாம் லேசாக ஆடுகிறது. வேகமான ரோலில் குச்சி திரும்பி வருவது கைக்குப் புதிதாக இருக்கிறது. ஹெட் மாற்றும்போது ராடுகளைக் கழற்றினால் பட்டையும் கையோடு வந்துவிடும். பட்டையின் தடிமனால் இரண்டு டாம்களுக்கு நடுவே இடைவெளியும் கூடும். வாங்கும்போது குறுக்களவோடு லக் எண்ணிக்கையையும் பார்த்து வாங்குங்கள்.

பேஸ் ட்ரம் மேலேயே மாட்டுவதை ஏளனம் செய்பவர்கள், ஆர்கெஸ்ட்ரா வேனில் சாமான் ஏற்றியிருக்க மாட்டார்கள். ஒரு ஸ்டாண்ட் மிச்சம், மேடையில் இடமும் மிச்சம். எனக்கு உறுத்துவது ஒலி அல்ல, உயரம். 22 அங்குல பேஸ் ட்ரம் மேல் ஆழமான டாமை வைத்தால், உயரம் குறைந்தவர்கள் அதை அதிகமாகச் சாய்க்க வேண்டிவரும். குச்சி நுனி ஹெட்டைக் குத்தும். செகண்ட் ஹேண்டில் மவுன்ட் வாங்கினால், டாமைத் தாங்கும் ராடின் தடிமனை அளந்துகொள்ளுங்கள். 9.5, 10.5, 12.7 மி.மீ. என்று புழக்கத்தில் இருக்கின்றன. பேர்ல் நிறுவனத்தின் குழாய் 22.2 மி.மீ. ஒன்றுக்கொன்று பொருந்தாது.

சிம்பல் ஸ்டாண்டில் கிளாம்ப் போட்டு மாட்டினால் டாமை விரும்பிய இடத்துக்கு நகர்த்தலாம். நிபந்தனை ஒன்றுதான்: டாம் தொங்கும் திசையில் ஸ்டாண்டின் ஒரு கால் நீண்டிருக்க வேண்டும். இல்லையென்றால் எல்லாம் சேர்ந்து சாயும்.

எனக்குப் பிடித்தது நான்காவது வழி, ஸ்னேர் ஸ்டாண்ட். 1964-ல் எட் சல்லிவன் டிவி நிகழ்ச்சியில் பீட்டில்ஸ் ட்ரம்மர் ரிங்கோ ஸ்டார் வாசித்ததுபோல் மேலே ஒரே டாம் வைப்பவர்களுக்கு இது போதும். துளை வேண்டாம், உயரமும் சாய்வும் கைவசம். டாமைத் தாங்கும் பாஸ்கெட்டை மட்டும் இறுக்கிவிடாதீர்கள். கரங்கள் கீழ் ஹூப்பை நெரித்தால் ஒலி உடனே அடைபடும். டாம் விழாத அளவு பிடித்தால் போதும். 10 அங்குல டாமைப் பிடிக்கும் அளவுக்குச் சில பாஸ்கெட்டுகள் சுருங்காது, பார்த்து வாங்குங்கள். இரண்டு டாம் வைத்து ஊர் ஊராகப் போகிறவர்களுக்கு மட்டும் பேஸ் ட்ரம் மவுன்ட்டையே சொல்வேன். ரிம்ஸ் செலவை ஸ்டுடியோவில் மைக் முன்னால் உட்காருபவர்கள் செய்யட்டும். மற்றவர்கள் அந்தப் பணத்தில் முதலில் புது ஹெட் போடலாம்.

ஃப்ளோர் டாமுக்கும் இதே சிக்கல் உண்டு, யாரும் கவனிப்பதில்லை. கான்கிரீட் தரையில் நிற்கும் ஃப்ளோர் டாமை அடித்துவிட்டு, ஒரு பக்கம் லேசாகத் தூக்கிப் பிடித்து மறுபடி அடியுங்கள். கேட்கும் வித்தியாசம் 12 அங்குல டாமில் கேட்டதைவிடப் பெரிதாக இருந்தால், காலடியில் உள்ள கெட்டி ரப்பரைக் கழற்றிவிட்டு உள்ளே காற்று அறை உள்ள ரப்பரை மாட்டுங்கள். அதுவரை மூன்று கால்களுக்கும் அடியில் தடித்த ஃபோம் துண்டு வைத்தாலும் நடக்கும்.