கல்லைச் சுற்றி ஒரு நடை

ஹேடோர் பாறைக்கு வருகிறவர்களில் பெரும்பாலானோர் அதைப் பார்ப்பது ஒரே விதமாகத்தான். சாலையோரம் வண்டியை நிறுத்துகிறார்கள், புல்சரிவில் கால்மணி நேரம் ஏறுகிறார்கள், உச்சியில் நின்று படம் எடுத்துக்கொண்டு வந்த வழியே இறங்கிவிடுகிறார்கள். எனக்கு அதில் மனம் ஒப்புவதில்லை. 457 மீட்டர் உயரத்தில் நிற்கும் அந்தப் பாறையை ஒதுக்கிவிட்டுப் புறப்பட வேண்டும். சுமார் பத்துக் கிலோமீட்டர் சுற்றி வந்து, கடைசியில்தான் அதன்மேல் கால் வைக்க வேண்டும். அதற்குள் அந்தக் கல் மனிதர் கையிலும் காலத்தின் கையிலும் என்னவெல்லாம் ஆகியிருக்கிறது என்று பார்த்துவிட்டிருப்போம்.

இங்கிலாந்தின் தென்மேற்கில், டெவன் மாவட்டத்தில் இருக்கிறது ஹேடோர் நிற்கும் டார்ட்மூர். 1951இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட மேட்டு நிலம். மரம் என்று சொல்ல மேலே ஏதுமில்லை. ஹெதர் புதர், முள் நிறைந்த கோர்ஸ் செடி, முரட்டுப் புல், தாழ்ந்த இடங்களில் சதுப்பு, இவற்றுக்கு நடுவே குன்றுகளின் தலையில் கிரானைட் குவியல்கள். அந்தக் குவியல்களைத்தான் அங்கே டோர் என்கிறார்கள். கோடையின் கடைசியில் போனால் ஹெதரின் ஊதாவும் கோர்ஸின் மஞ்சளும் ஒன்றாகப் பூத்திருக்கும். ஆனால் இந்த நிலத்துக்குப் பொருத்தமான பருவம் அதுவல்ல என்பேன். நிறமெல்லாம் வடிந்து, புல் பழுப்பாகிக் கிடக்கும் குளிர்காலத் தொடக்கத்தில்தான் கல் தன் முழு உருவத்தோடு தெரியும்.

ஹேடோரின் வடகிழக்குச் சரிவில் ஒரு பழைய கல்குவாரி இருக்கிறது. இப்போது அதில் தண்ணீர் நிற்கிறது; துருப்பிடித்த பழைய இரும்பு எந்திரம் ஒன்று மிச்சமிருக்கிறது. அவசரப்படாமல் சுற்றுப்புறத்துப் பாறைகளின் ஓரங்களைப் பார்க்க வேண்டும். வரிசையாக அரைவட்டப் பள்ளங்கள் தெரியும். கல்லில் ஒரே நேர்கோட்டில் துளைகள் போட்டு, ஒவ்வொன்றிலும் இரண்டு இரும்புத் தகடுகளையும் அவற்றுக்கு நடுவே ஓர் ஆப்பையும் வைத்து, ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை திரும்பத் திரும்பத் தட்டிக்கொண்டே போவார்கள். எந்த ஆப்புக்கும் பெரிய அடி விழாது. எல்லாம் சேர்ந்து கல்லை நெருக்க, கோடு பிசகாமல் அது பிளந்து கொடுக்கும். பிளந்தபின் ஒவ்வொரு துளையிலும் பாதி இந்தப் பக்கத்துக்கு, பாதி அந்தப் பக்கத்துக்கு. நமக்கு இங்கே கிடைப்பது, விலைபோகாமல் தங்கிவிட்ட பாதிகள்.

குவாரியிலிருந்து புறப்படுகிறது இந்த நடையின் மிகச் சிறந்த பகுதி. ஜார்ஜ் டெம்ப்ளர் 1820இல் திறந்த டிராம் பாதை அது. கல்லைக் கொண்டுபோகப் போட்ட அந்தப் பாதையின் தண்டவாளமும் கல்லே. நீளமான கிரானைட் துண்டுகளின் மேல்விளிம்பைப் படிபோலச் செதுக்கி, வண்டிச் சக்கரம் விலகாமல் ஓட ஏதுவாக்கியிருக்கிறார்கள். பாதை இரண்டாகப் பிரியும் இடத்தில் பிரிவையும் கல்லிலேயே வெட்டியிருக்கிறார்கள். அந்த வெட்டின் வளைவில் கை வைத்துப் பார்த்தால், செதுக்கியவருக்குத் தன் வேலைமேல் இருந்த பெருமை புரியும். பாரம் ஏற்றிய வண்டிகள் தம் எடையிலேயே சரிவில் இறங்கும்; காலி வண்டிகளைக் குதிரைகள் மேலே இழுத்து வரும். நூற்றைம்பது ஆண்டுக்கும் மேலாகச் சக்கரமே ஓடாத அந்தத் தண்டவாளத்தைத் தொடர்ந்து புல்லுக்குள் நடப்பதில் உள்ள இன்பத்தை வேறு எந்த மலைப்பாதையும் எனக்குத் தந்ததில்லை. வண்டிகளுக்கென்று ஏற்றம் தணித்துப் போட்ட வழி என்பதால் மூச்சு வாங்காது. கண்ணுக்கு நிறைய நேரம் கிடைக்கும்.

ஹோல்வெல் டோர் பக்கம் வந்ததும் பெக்கா ஓடைக்குச் செங்குத்தான இறக்கம். இங்கு மட்டும்தான் மரங்கள், நிழல், தண்ணீர்ச் சத்தம். சீக்கிரம் தாண்டிவிடலாம்.

மறுகரையில் ஏறி, கிரேட்டர் பாறைகளைக் கடந்தால், கைவிடப்பட்ட ஓர் ஊர். நான்கு நீள்வீடுகள், சில கொட்டில்கள், இடுப்புயரம்கூட இல்லாத கிரானைட் சுவர்கள். பதின்மூன்றாம் நூற்றாண்டில் கல்லில் எழும்பிய வீடுகள் இவை. ஒரே கூரையின் கீழ் மேட்டுப் பக்கம் மனிதர்கள், தாழ்ந்த பக்கம் மாடுகள். கழிவு சரிவில் ஓடிவிடும்படி வீட்டையே சரிவோடு அமைத்திருக்கிறார்கள். இங்கே ஓர் உளித் தடயமும் கிடையாது. கிடந்த கல்லைப் பொறுக்கி, எது எதன்மேல் உட்காரும் என்று பார்த்துப் பார்த்து வைத்த சுவர். குவாரிக்காரரின் நேர்கோட்டைப் பார்த்துவிட்டு இதற்கு வரும்போது, இரண்டு வெவ்வேறு பொறுமைகள் அடுத்தடுத்துத் தெரிகின்றன. தானியம் உலர்த்தும் சூளைகளும் இருக்கின்றன. வெயிலை நம்பிக் கதிர் காயவைக்க முடியாத ஊர். சில தலைமுறைகளுக்குள் மக்கள் போய்விட்டார்கள். 1348இல் வந்த கொள்ளைநோயையும் காரணமாகச் சொல்வார்கள், குளிர்ந்துபோன பருவநிலையையும் சொல்வார்கள். அந்தச் சூளைகளைப் பார்க்கும்போது இரண்டாவதன் பக்கம்தான் என் மனம் சாய்கிறது.

ஊருக்கு நேர் மேலே 414 மீட்டரில் ஹவுண்ட் டோர். மண்டியில் அடுக்கிய மூட்டைகளைப்போல ஒன்றன்மேல் ஒன்றாகப் பாறைகள், மூலைகளெல்லாம் மழுங்கி. யாரும் அடுக்கியதல்ல. சுமார் 28 கோடி ஆண்டுகளுக்கு முன் நிலத்தின் ஆழத்தில் குளிர்ந்து இறுகிய கல் இது. மேலே அழுத்திய பாரம் அரித்துப்போகப் போகக் கல் தளர்ந்து கிடைவாக்கில் வெடிப்பு விட்டது. குளிர்ந்தபோது விழுந்த நெடுக்கு வெடிப்புகள் முன்பே இருந்தன. வெப்பமான காலத்தில் மண்ணுக்கடியிலேயே அந்த வெடிப்புகள் வழியாக நீர் இறங்கிக் கல்லை உளுத்துப்போகச் செய்தது; பின்பு பனியுகத்தின் உறைபனி உளுத்ததை அள்ளிச் சென்று, உறுதியானதை மட்டும் நிற்கவிட்டது. 1955இல் டேவிட் லிண்டன் முன்வைத்த விளக்கம் இது. மண்ணுக்கடி வேலை தேவையே இல்லை, உறைபனி ஒன்றே போதும் என்று மறுத்தவர்களும் உண்டு. டோரின் அடியில் சிதறிக் கிடக்கும் பாறைக்கூட்டத்தை அங்குள்ளவர்கள் கிளிட்டர் என்பார்கள். கீழே ஊர்க்காரர்கள் சுவர் எடுக்கப் பொறுக்கியதும் இப்படிச் சிதறிக் கிடந்த கல்லைத்தான்.

இங்கிருந்து வந்த வழியே திரும்பக் கூடாது. ஹோல்வெல் லான் வழியாக நேர் தெற்கே ஹெம்ஸ்வர்தி கேட் நோக்கிப் போக வேண்டும். மே மாதமானால் அந்தச் சரிவில் புளூபெல் பூத்துக் கிடக்கும். ஆனால் வெட்டவெளி. அட்லாண்டிக்கிலிருந்து வரும் தென்மேற்குக் காற்று வலக் கன்னத்தில் அறையும். மூடுபனி இறங்கினால் பத்தடிக்கு அப்பால் எதுவும் இல்லை, திசைகாட்டியும் வரைபடமும் கையில் இருந்தாக வேண்டும். நடையில் கடினமான பகுதி இதுவே. கேட்டை அடைந்து கிழக்கே திரும்பியதும் அதே காற்று முதுகைத் தள்ளத் தொடங்கும். சாடில் டோரைத் தாண்டி, காற்று தள்ளத் தள்ள ஹேடோர் எதிரே வளர்ந்துகொண்டே வரும். சுற்றை எதிர்த்திசையில் நடப்பவர்களுக்கு இந்த இடத்தில் கிடைப்பது வெறும் இறக்கம். அதனால்தான் திசையில் நான் விட்டுக்கொடுப்பதில்லை.

ஏறுவதற்கு முன் பாறையின் முகத்தை அருகில் போய்ப் பாருங்கள். விரல்நீள ஃபெல்ஸ்பார் படிகங்கள் வெளுத்துத் துருத்திக்கொண்டிருக்கும். கீழே ஓர் அடுக்கு மட்டும் நுண்மணிக் கல். அது சீக்கிரம் தேய்ந்து உள்வாங்கியிருக்கும். பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பயணிகளுக்காக வெட்டிய படிகள் மேலே கொண்டுபோகும்.

உச்சியிலிருந்து தென்கிழக்கே டெய்ன் ஆற்றின் கழிமுகமும் அதற்கப்பால் கடலும் தெரிகின்றன. டிராம் வண்டிகள் சுமார் 400 மீட்டர் இறங்கி ஸ்டோவர் கால்வாயைச் சேர, அங்கிருந்து படகில் அந்தக் கழிமுகம் வழியாக டெய்ன்மவுத் துறைமுகத்துக்குப் போயிற்று கல். அதில் ஒரு பகுதி 1831இல் திறந்த லண்டன் பாலத்தில் சேர்ந்தது. அந்தப் பாலத்தை 1968இல் ஓர் அமெரிக்கர் விலைக்கு வாங்கினார். முகப்புக் கற்களை எண்ணிட்டுக் கழற்றிக் கப்பலேற்றினார்கள். 1971 முதல் அது அரிசோனாப் பாலைவனத்தில், லேக் ஹவாசு நகரில் நிற்கிறது.