உறையும் ஒலியும்

இசைத்தட்டின் உறை வெறும் பொதியோ, அன்றி இசைக்கு வகுத்த உரையோ என்னும் வினா சுயாதீன றொக் இசையைப் பயில்வார்முன் எழுவதொன்றாகும். பெருங் கம்பனிகளின் விற்பனைக் கட்டளைக்கு உட்படாத சிறு வெளியீட்டகங்களில் இசைஞர்க்கொப்ப உறை வரைவோர்க்குஞ் சுதந்திரம் வாய்த்தமையே இதற்குக் காரணமாம்.

1979இல் மான்செஸ்ரர் நகரின் பக்ரறி நிறுவனம் வெளியிட்ட, ஜோய் டிவிசன் குழுவினரின் ‘அன்நோண் பிளெஷர்ஸ்’ என்னும் இசைத்தட்டு இதற்குத் தக்க சான்றாகும். 1967இல் முதன்முதற் கண்டறியப்பட்ட துடிப்பு விண்மீனின் வானொலித் துடிப்புகளைக் காட்டும் வரைபடத்தை, வானியற் கலைக்களஞ்சியமொன்றிலிருந்து குழுவினரே தெரிந்தளித்தனர். வெண்டாளிற் கருங்கோடுகளாய் இருந்த அதனைப் பீற்றர் சவில் கருந்தளத்தில் வெண்கோடுகளாக மாற்றினார். முன்புறத்திலே குழுவின் பெயருமில்லை, தட்டின் பெயருமில்லை.

கருந்தளம் இரவு வானை நினைப்பிக்கின்றது. கோடுகளோ மேலும் நுண்பொருள் உடையன. அவ்விண்மீன் ஏறக்குறைய 1.34 செக்கனுக்கு ஒருமுறை தவறாது துடிப்பது. ஆயினும் ஒரு துடிப்பின் வடிவம் மற்றொன்றின் வடிவத்தை ஒத்திராது. வழுவாத தாளமும் அதன்மேல் அலையுறுங் குரலுமாய் அமைந்த அவ்விசைக்கு இதனினும் பொருத்தமான உரை யாது?

இன்று அக்கோடுகள் மேற்சட்டைகளிற் பதிக்கப்பட்டு, இசையைக் கேளாதாராலும் அணியப்படுகின்றன. இதனைச் சித்திரத்தின் வெற்றியெனக் கொள்வாருமுளர். உரையைக் கற்று மூலத்தைக் கைவிடுதல் உரையாசிரியனின் குற்றமன்று, கற்போனின் குற்றமே. உறையை நயப்போர் தட்டையுங் கேட்டல் வேண்டும். அங்ஙனஞ் செய்வார்க்கே உறையின் பொருள் முற்றாக விளங்கும்.