செஞ்சிக் கோட்டை: மலை அரணின் மரபும் இலக்கணமும்

ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திராயன் துர்க்கம் ஆகிய மூன்று குன்றுகளையும் அவற்றிடையே கிடக்கும் சமவெளியையும் ஒருசேர மதிலால் வளைத்து எழுந்தது செஞ்சிக் கோட்டை. விழுப்புரம் மாவட்டத்தில் உள்ள இக்கோட்டையின் மதில்கள் சுமார் 13 கிலோமீட்டர் நீள்கின்றன. 1200ஆம் ஆண்டையொட்டி ஆனந்தக் கோன் ராஜகிரியில் முதல் அரணை எழுப்பினார் என்பது வழிவழி வந்த செய்தி. இன்று கண்ணில் படும் கட்டடங்களில் பெரும்பாலானவை விஜயநகர ஆட்சிக்கும் அதன் பின்வந்த செஞ்சி நாயக்கர்களுக்கும் உரியவை.

அரண் என்றால் எப்படி இருக்க வேண்டும் என்பதற்குத் திருக்குறளில் தனி அதிகாரமே உண்டு. உயரம், அகலம், உறுதி, பகைவர் நெருங்க முடியாமை ஆகியவற்றோடு, காவல் காக்கும் இடம் சிறிதாகவும் உள்ளிடம் பெரிதாகவும் இருக்க வேண்டும் என்கிறார் வள்ளுவர். உள்ளே உணவு நிறைந்திருக்க வேண்டும் என்பதும் அவர் வகுத்த விதி. செஞ்சியைக் கட்டியவர்கள் குறளைப் பார்த்துக் கட்டியிருக்க வேண்டியதில்லை; ஆயினும் அந்த அளவுகோல் இங்கே வியப்பூட்டும்படி பொருந்துகிறது.

ராஜகிரியின் உயரம் ஏறத்தாழ 240 மீட்டர். பாறை செங்குத்தாக நிற்கும் இடங்களில் மதிலுக்கு வேலை குறைவு. பாறைகளுக்கு நடுவே உள்ள இடைவெளியை அடைத்தாலே போதும். சமவெளியில்தான் பருத்த மதிலும் அகழியும் தேவைப்பட்டன. உச்சியை நெருங்கும்போது ஆழமான பாறைப் பிளவு ஒன்று வழியை வெட்டுகிறது. அதன்மேல் இருந்த மரப்பாலத்தை எடுத்துவிட்டால், அப்பால் உள்ள வாயிலைச் சிலரே காத்துக்கொள்ளலாம். காவல் சிறிது, உள்ளிடம் பெரிது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

கட்டுமுறையிலும் காலங்கள் அடுக்கடுக்காகத் தெரிகின்றன. செதுக்கிய பெருங்கற்களைச் சாந்தின்றி அடுக்கிய பகுதி பழைய முறை. பீரங்கி பெருகியபின் சுண்ணச்சாந்து பூசிய சுவர்களும் துப்பாக்கித் துளைகளும் கொத்தளங்களும் சேர்ந்தன. 1649இல் கோட்டையைப் பிடித்த பிஜப்பூர் படையும், 1677இல் கைப்பற்றிய சிவாஜியும் மதில்களைத் திருத்தினர். வேலூர் வாயில், புதுச்சேரி வாயில் இரண்டிலும் பாதை நேராகச் செல்லாமல் மதில்களுக்கிடையே வளைகிறது. யானையை விரட்டிக் கதவை மோதவிட இடம் கிடைக்காது.

உள்ளே கல்யாண மகால் அடுக்கடுக்காக உயர்ந்து கூம்பிய கூரையோடு முடிகிறது. அதன் வளைவுகளில் இஸ்லாமியக் கட்டடக்கலையின் சாயல் தெளிவு. மேல்மாடங்களுக்குச் சுடுமண் குழாய் வழியே நீர் ஏற்றினார்கள். ஆனால் கோட்டையைத் தாங்கியது அழகிய மகாலைவிட, வளைகூரையும் தடித்த சுவரும் கொண்ட நெற்களஞ்சியங்களும் ஆனைக்குளம் முதலான நீர்நிலைகளுமே. வேங்கடரமணர் கோயிலின் சிற்பத் தூண்கள் சில பிரெஞ்சுக்காரர்களால் புதுச்சேரிக்குக் கொண்டுசெல்லப்பட்டன.

இவ்வளவு வலிமையையும் 1690 முதல் 1698 வரை நீண்ட முகலாய முற்றுகை சோதித்தது. உள்ளிருந்த மராட்டிய மன்னர் ராஜாராம் தப்பிச் சென்ற பின்னரே முகலாயத் தளபதி சுல்பிகர் கானுக்குக் கோட்டை கிடைத்தது. அவரே ராஜாராமைத் தப்பவிட்டார் என்ற பேச்சும் உண்டு. 1714இல் ஆற்காட்டு நவாப் சாதத்துல்லா கானை எதிர்த்து மாண்ட செஞ்சி மன்னர் தேசிங்கு ராஜா, மதிலுக்குள் இருந்து போரிடாமல் வெளியே சென்று மோதியவர். கதைப்பாடல் அவரைக் கொண்டாடினாலும், அரணைப் பயன்படுத்தாத வீரம் அது. 1750இல் புஸ்ஸியின் பிரெஞ்சுப் படை ஒரே இரவில் உள்ளே புகுந்தது. காப்பவர் தளர்ந்தால் அரணால் பயனில்லை என்று அதே குறள் அதிகாரம் முடிவதற்கு இது பொருத்தமான உதாரணம். 1761இல் கோட்டை ஆங்கிலேயர் வசமானது.

2025இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்த மராட்டிய இராணுவ நிலப்பரப்பின் 12 கோட்டைகளில் செஞ்சியும் ஒன்று; மற்ற பதினொன்றும் மகாராஷ்டிரத்தில் உள்ளன. மராட்டியர் வசம் அது இருந்ததோ ஏறத்தாழ 21 ஆண்டுகள். களஞ்சியமும் மகாலும் கோயிலும் நாயக்கர் மரபின் கைவேலை.