நகருக்குள் பாயும் டாங்கிகள்

1994 டிசம்பர் 31 அன்று ரஷ்யாவின் 131ஆவது மைக்கோப் படையணி, செச்சினியத் தலைநகர் குரோஸ்னிக்குள் பெரிய எதிர்ப்பு ஏதுமில்லாமல் நுழைந்து ரயில் நிலையத்தை அடைந்தது. ஒரு பாராசூட் ரெஜிமெண்ட் இருந்தால் இரண்டே மணி நேரத்தில் நகரத்தைப் பிடித்துவிடலாம் என்று பாதுகாப்பு அமைச்சர் பாவெல் கிராச்சோவ் ஏற்கெனவே மார்தட்டியிருந்தார். ரயில் நிலையத்தைச் சுற்றியிருந்த கட்டடங்கள் சுடத் தொடங்கியதும் கதை மாறியது. படையணியின் 26 டாங்கிகளில் 20, காலாட்படையை ஏற்றிவந்த 120 கவச வண்டிகளில் 102 அழிந்தன என்பது பரவலாகச் சொல்லப்படும் கணக்கு. தளபதி கர்னல் இவான் சாவினும் உயிரோடு திரும்பவில்லை.

கவச வண்டிகளை வரிசைகட்டி நகரின் நடுவுக்கு விரட்டும் இந்த உத்தி வெறும் மடத்தனமா?

அப்படி எளிதாகச் சொல்லிவிட முடியாது. 2003 ஏப்ரல் 5 அன்று கர்னல் டேவிட் பெர்கின்ஸின் அமெரிக்கப் படையணி இதையேதான் பாக்தாதில் செய்தது. டாங்கிகள் நெடுஞ்சாலை வழியே நகருக்குள் பாய்ந்து விமான நிலையத்தில் போய் நின்றன. இரண்டு நாள் கழித்து மீண்டும் வந்து, அரசு மாளிகைகளின் நடுவிலேயே தங்கிவிட்டன. அமெரிக்கர்கள் நகரில் இல்லவே இல்லை என்று இராக்கின் தகவல் அமைச்சர் அல்-சஹாஃப் அடித்துப் பேசிக்கொண்டிருந்தார். அவர்களோ ஆற்றங்கரையில் நின்றார்கள். ஏப்ரல் 9 அன்று சதாமின் ஆட்சி விழுந்தது. வீடுவீடாகச் சண்டையிட்டிருந்தால் மாதக்கணக்கில் நீண்டு, பல மடங்கு உயிர்களைத் தின்றிருக்கும். இந்த உத்தியின் பலம் அந்த வேகம்தான். எதிரி கூடி யோசிப்பதற்குள் அவன் தலைமையைச் சிதறடித்துவிடுகிறது.

ஆனால் எதிரி முன்பே யோசித்து வைத்திருந்தால்? குரோஸ்னியில் நடந்தது அதுதான். செச்சினியப் போராளிகள் பலர் சோவியத் ராணுவத்தில் பயிற்சி பெற்றவர்கள்; டாங்கியின் கவசம் எங்கே மெலிது என்பது அவர்களுக்குத் தெரியும். ராக்கெட் லாஞ்சர் ஒருவரிடம், இயந்திரத் துப்பாக்கி ஒருவரிடம், கூடவே குறிபார்த்துச் சுடும் ஒருவர் எனச் சிறுசிறு குழுக்களாகப் பிரிந்து, நிலவறைகளிலும் மேல்மாடிகளிலும் காத்திருந்தார்கள். முதல் வண்டியையும் கடைசி வண்டியையும் கொளுத்தினால் நடுவில் உள்ளவை நகர முடியாது. டாங்கியின் பீரங்கியை மேல்மாடி அளவுக்கு உயர்த்தவும் முடியாது, நிலவறை அளவுக்குத் தாழ்த்தவும் முடியாது. இறங்கி நடந்து கட்டடங்களைச் சோதித்திருக்க வேண்டிய காலாட்படையோ வண்டிகளுக்குள்ளேயே அடைந்து கிடந்தது. நவம்பர் 26 அன்று மாஸ்கோ ஆதரவு எதிர்க்கட்சியினர் இதே நகருக்குள் டாங்கிகளோடு போய் அடிபட்டுத் திரும்பியிருந்தார்கள். ஐந்தே வாரம் ஆகியிருந்த அந்தப் பாடத்தைத் தளபதிகள் கண்டுகொள்ளாததை எந்த உத்தியின் தலையிலும் கட்ட முடியாது.

பாக்தாத் வெற்றியிலும் அதிர்ஷ்டத்துக்குப் பங்கு உண்டு. இராக்கியர்கள் சாலைகளை முறையாக அடைத்திருக்கவில்லை. பலர் பிக்அப் வண்டிகளில் நேராக வந்து டாங்கிகள் மீது மோதினார்கள். அப்படியும் பின்னால் வந்த எரிபொருள், வெடிமருந்து லாரிகள் சில தீப்பற்றின. அந்த லாரிகள் கடக்க வேண்டியிருந்த நெடுஞ்சாலைச் சந்திப்புகளில் நடந்த சண்டை கைநழுவியிருந்தால், நகர நடுவில் இருந்தவர்கள் எரிபொருளின்றி முடங்கியிருப்பார்கள்.

பெரிய குறை வேறொன்று. பாய்ச்சலால் சாலையைப் பிடிக்கலாம், ஆட்சியைக் கவிழ்க்கலாம். சந்துகளும் அவற்றில் வாழும் மக்களும் கைக்குள் வருவதில்லை. ஏறக்குறைய ஓராண்டு கழித்து, 2004 ஏப்ரல் 4 அன்று, அதே பாக்தாதின் சதர் சிட்டியில் ரோந்து சென்ற அமெரிக்க வீரர்கள் பதுங்கித் தாக்கப்பட்டு ஒரு சந்தில் மாட்டிக்கொண்டார்கள். மீட்கப் போனவர்களில் சிலர் கவசமே இல்லாத திறந்த லாரிகளில் போனார்கள். அன்று எட்டு அமெரிக்க வீரர்கள் இறந்தார்கள். இராக்கியர் தரப்பில் அதைவிடப் பல மடங்கு.

ராணுவ ஆய்வுகள் இத்தகைய தோல்விகளை வண்டிக் கணக்கில் அளக்கின்றன. அதற்குப் பிறகு நடப்பதையும் சேர்த்து அளக்க வேண்டும். குரோஸ்னியில் சூடுபட்ட ரஷ்ய ராணுவம் அடுத்து நம்பியது பீரங்கிகளையும் விமானங்களையும். நகரில் வசித்த செச்சினியர் பலர் கிராமத்து உறவுகளிடம் போய்விட்டிருந்தார்கள். போக இடமில்லாமல் நிலவறைகளில் ஒடுங்கியிருந்தவர்களில் பெரும்பகுதியினர் வயதான ரஷ்யர்கள். தங்கள் நாட்டு ராணுவத்தின் குண்டுகளுக்கே அவர்கள் பலியானார்கள். 1999இல் இரண்டாம் போர் தொடங்கியபோது டாங்கிகளை முன்னே அனுப்பும் தவறு அதே அளவில் நடக்கவில்லை. முதலில் நகரமே தரைமட்டமாக்கப்பட்டது.